பாதி வாய்

20 ஜனவரி 2025, திங்கள்

பூவம்மா அக்கா டீயை மேசைமேல் வைத்துவிட்டு வழக்கம்போல் நகர்ந்துவிடவில்லை. மதிய நேரம், அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. வெளியே கன்டெய்னர் யார்டுக்குள் ஒரு டிரெய்லர் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தார்.

"கண்ணு, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்கக் கூடாது. உன் வாயில ஒரு வாட வருது. இன்னிக்கு நேத்து இல்ல, ஒரு வருசமா வந்துகினு கீது."

நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முகத்துவாரக்குப்பத்துல பொறந்தவ நானு. மீன் கூடைக்கு நடுவுல வளந்தவ. என் மூக்குக்கே தெரியுதுன்னா பாத்துக்க. ஒரு டாக்டராண்ட காட்டு."

கோபம் வரவில்லை. வெட்கம்கூட உடனே வரவில்லை. முதலில் வந்தது ஒருவித ஓய்வு. யாரோ ஒருவர் சொல்லிவிட்டார், இனி நான் ஒருத்தியே இதைக் காவல் காக்க வேண்டாம் என்பதுபோல. வெட்கம் மெட்ரோவில்தான் வந்தது. விம்கோ நகரிலிருந்து தண்டையார்பேட்டை வரைக்கும் உட்கார இடம் இருந்தும் கதவுக் கண்ணாடியைப் பார்த்தபடியே நின்று வந்தேன். பக்கத்தில் ஒரு பெண் நேரம் கேட்டாள். கைக்கடிகாரத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

21 ஜனவரி, செவ்வாய்

எனக்குத் தெரியாதா என்ன? இரண்டு வருடமாகத் தெரியும். காலையில் பிரஷ் இளஞ்சிவப்பாகும். ரத்தம் வருகிற இடத்தில் பிரஷ் படாமல் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டேன். புண்ணைத் தொடாமல் விட்டால் ஆறிவிடும் என்று நினைத்தேன். பட்டம் வாங்கியவள், வாரம் ஒரு புத்தகம் படிப்பவள்.

கீழ் வரிசையில் நட்டநடுவே இருக்கும் இரண்டு பற்களும் நாக்கால் தள்ளினால் அசைகின்றன. இதை எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதியதும் இன்னும் கொஞ்சம் அசைவதுபோல் இருக்கிறது.

கொரோனா போன பிறகும் ஒரு வருடம் நான் மாஸ்க் போட்டுக்கொண்டிருந்தேன். பயந்தாங்கொள்ளி என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

நான் படித்த நாவல்களில் காசநோயால் செத்தவர்கள் எத்தனை பேர். அம்மை, காலரா, மனம் பேதலித்தவர்கள். ஈறு வீங்கிய கதாநாயகி ஒருத்தியும் இல்லை. பல் என்றால் முத்து, முல்லை மொட்டு. அந்த முத்து எதில் பதிந்திருக்கிறது என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

25 ஜனவரி, சனி

அம்மாவிடம் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் பல் டாக்டர் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

அம்மாவுக்குச் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோதே மேலும் கீழும் பல்செட் வந்துவிட்டது. அப்போது அவளுக்கு நாற்பது வயதுதான். அதற்குப் பத்து வருடம் முன்னால் ஈறில் ரத்தம் வர, யாரோ சொன்னார்கள் என்று ஒரு டாக்டரிடம் போயிருக்கிறாள். வாயில் ஒரு பக்கம் கிளீன் செய்ததோடு வந்துவிட்டாள். மறுபக்கத்துக்குப் போகவில்லை. அவள் வாயால் கேட்டால் கதை இப்படி வரும்:

"கல்லு மாரி இருந்த பல்லு. சொரண்டி வுட்டான் அந்த ஆளு. அன்னிலேர்ந்து ஆட்டம் கண்டுச்சு. அம்புட்டும் போச்சு."

எங்கள் தெருவில் யாருக்குப் பல் வலித்தாலும் 'காத்தூன் பீவியக் கேட்டுட்டுப் போ' என்பார்கள். அம்மா கிராம்பு கொடுத்து, போகாதே என்று சொல்லி அனுப்புவாள்.

1 பிப்ரவரி, சனி

போனேன். காலடிப்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. எங்கள் தண்டையார்பேட்டையில் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள்.

டாக்டர் ரேகா. என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தார். பிறகு கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி, ஒவ்வொரு பல்லாக ஆழம் அளந்தார். அவர் எண் சொல்ல நர்ஸ் குறித்துக்கொண்டார். "மூணு, நாலு, ஆறு. அஞ்சு, ஆறு, ஏழு." என் வேலையும் இதுதான். வாசலில் ஒருவர் கன்டெய்னர் எண்ணைச் சொல்ல, நான் குறித்துக்கொள்வேன். அங்கே எந்த எண்ணும் என்னுடையது இல்லை.

மூன்று மில்லிமீட்டர் வரை சரி. எனக்குப் பல இடங்களில் ஆறு, ஏழு.

"ஈறு பல்லை விட்டு விலகி உள்ளே பை மாதிரி ஆகியிருக்கு. அதுக்குள்ள வேர் மேல கல் படிஞ்சிருக்கு. மேலோட்டமா கிளீன் பண்ணினா போதாது. மரத்துப்போக ஊசி போட்டு, வேர் வரைக்கும் இறங்கிச் சுத்தம் பண்ணணும். வலது பாதி ஒரு நாள், அடுத்த வாரம் இடது பாதி."

"கீழ நடுவுல இருக்கிற ரெண்டு பல்லு?"

"இப்போ செஞ்சா ரெண்டும் நிக்க வாய்ப்பு இருக்கு. தள்ளிப்போட்டா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை."

வீட்டில் யாருக்காவது இள வயதிலேயே பல் போனதா என்று கேட்டார். அம்மாவுக்கு என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. அம்மாவைக் காட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது.

8 பிப்ரவரி, சனி

வலப்பாதி முடிந்தது. ஒரு மணி நேரம். ஊசி போட்டதும் பாதி உதடு வேறு யாருடையதோ போல் ஆனது. வலி இல்லை. ஆனால் சத்தம் மண்டை ஓட்டுக்குள்ளேயே கேட்டது, இரும்பால் சிமெண்டைச் சுரண்டுகிற சத்தம். பஞ்சில் துடைத்து வைத்திருந்ததைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கடுகை உடைத்துப் போட்டதுபோல் கறுப்பும் பழுப்புமாகச் சிறு கற்கள். இத்தனை நாள் இதோடுதான் பேசினேன், சாப்பிட்டேன், தொழுதேன்.

அலுவலகத்தில் வேலை இருந்தது என்று வீட்டில் சொன்னேன்.

"இன்னா ஒரு மாரி கோணலா பேசற?"

"வாயில புண்ணும்மா."

10 பிப்ரவரி, திங்கள்

மரப்பு போய் ஈறு வற்றியதும் சந்துகள் தெரிகின்றன. வலப்பக்கம் பற்களுக்கு அடியில் சின்னச் சின்ன முக்கோணங்கள். காற்று நுழைகிறது. தண்ணீர் பட்டால் கண் வரைக்கும் சுருக்கென்று ஏறுகிறது. நடுவில் இருக்கும் இரண்டில் வலப்பல் முன்னைவிட அதிகமாக ஆடுகிறது. இடப்பல் பரவாயில்லை. அது இன்னும் கல்லோடுதான் இருக்கிறது.

சுத்தம் செய்த பல் ஆடுகிறது. செய்யாத பல் நிற்கிறது. அம்மா சொன்னது அப்படியே.

12 பிப்ரவரி, புதன்

டாக்டருக்குப் போன் செய்தேன். "அந்தக் கல்தான் இவ்வளவு நாள் பல்லைப் பிடிச்சிட்டிருந்தது. அதை எடுத்தா கொஞ்ச நாள் ஆடத்தான் செய்யும். ஈறு ஆறி இறுகும்போது நிக்கும். பயப்படாம சனிக்கிழமை வாங்க."

போனை வைக்கும்வரை நம்பினேன்.

15 பிப்ரவரி, சனி

போகவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

ஏன் போகவில்லை என்று நேர்மையாக எழுதப் பார்க்கிறேன். டாக்டர் படித்தவர், அம்மா படிக்காதவள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆனால் நான் டாக்டரின் வாயைப் பார்த்து வளரவில்லை. அம்மா ராத்திரியில் பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத் தண்ணீரில் போட்ட பிறகு உள்ளே மடங்கிப் போகும் அந்த உதட்டைத்தான் பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன். அது படிப்புக்கெல்லாம் முந்தியது.

23 பிப்ரவரி, ஞாயிறு

டாக்டரே கூப்பிட்டார். என்ன சொல்வது என்று தெரியாமல், "ரம்ஜான் நோன்பு வருது டாக்டர். பெருநாள் முடிஞ்சு வரேனே" என்றேன்.

"உங்க ஈறுக்குள்ள இருக்கற கிருமி நோன்பு வைக்காது, ஹஃப்சா."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

2 மார்ச், ஞாயிறு

முதல் நோன்பு. இந்த மாதம் எனக்கு எப்போதும் ஒரு விடுதலை. அதை யாரிடமும் சொன்னதில்லை. நோன்பில் எல்லார் வாயும் ஒன்றுதான். மெட்ரோவில் பக்கத்து இருக்கைப் பெண், அடுத்த வீட்டுக்காரி, தொழுகைக்கு நிற்கும் வரிசை முழுக்க உலர்ந்த வாய்கள். முப்பது நாள் நான் தனி ஆள் இல்லை.

இறைவனுக்காகப் பட்டினி கிடக்கும் மாதத்தில் இப்படி ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறேனே.

9 மார்ச், ஞாயிறு

விடியலுக்கு முந்திய சஹர் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீடு ஒரு பந்தயக் களம். அண்ணன் தவ்ஃபீக் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன், பகலெல்லாம் வெயிலில் வண்டி வரிசையில் நிற்க வேண்டியவன். அதனால் கடைசி நொடிவரை சாப்பிடுவான். செல்போனைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து, "இன்னும் ரெண்டு நிமிசம் கீதும்மா, இன்னொரு கரண்டி போடு" என்பான். அத்தாவும் அப்படித்தான், நானும் அப்படித்தான். பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பிக்கும் முன் கடைசி மடக்குத் தண்ணீர். அதோடு வாய் மூடிவிடும்.

பல் தேய்க்க நேரம் இருக்காது. பிறகு தேய்க்கலாமென்றால் பேஸ்ட் ருசி தொண்டைக்குள் போய்விடுமோ என்று பயம். பேஸ்ட் இல்லாமல் வெறும் பிரஷால் தேய்க்கலாம், மிஸ்வாக் குச்சி போடலாம், அதனால் நோன்பு முறியாது என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லத்தான் செய்கிறார். எங்கள் வீட்டில் யாரும் செய்வதில்லை. கடைசி நிமிடத்தில் தின்ற சோறும் குழம்பும் மாலைவரை பதிமூன்று மணி நேரம் அப்படியே பல்லோரம் கிடக்கும். நோன்பு திறந்து, தொழுது, அசந்து படுத்துவிடுவோம்.

எண்ணிப் பார்த்தேன். இந்த வாரம் நான் பல் தேய்த்தது மூன்று முறை.

15 மார்ச், சனி

நேற்றிலிருந்து ஒரு வாரம் எனக்கு நோன்பு இல்லை. பெண்களுக்கு மாதாமாதம் உள்ள விலக்கு. வீட்டு ஆண்களுக்குத் தெரியாததுபோல் எல்லாரும் சேர்ந்து நடிக்கும் விலக்கும்கூட. சஹருக்கு நானும் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுவதுபோல் பாவனை செய்கிறேன். மதியத்துக்கென்று அம்மா ஒரு தட்டை மூடி அடுப்படியில் உள்ளே தள்ளி வைக்கிறாள்.

ஆக, இந்த ஏழு நாள் நான் பகலில் வாயைத் திறக்கலாம். மருந்து விழுங்கலாம், கொப்பளிக்கலாம். டாக்டரிடம் சொன்ன காரணம் இந்த ஏழு நாளுக்குச் செல்லாது. இன்று சனிக்கிழமை, காலடிப்பேட்டைக்குப் பத்து நிமிடம், கிளினிக் திறந்திருக்கும்.

நான் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

19 மார்ச், புதன்

வலப்பல் ஆட்டம் குறைந்திருக்கிறதா? நாக்கால் நூறு முறை தள்ளிப் பார்த்தாகிவிட்டது. நாக்கை நம்ப முடியாது. அது பயந்தவரின் சாட்சி.

25 மார்ச், செவ்வாய்

நான்கைந்து நாளாக மறுபடி நோன்பு. காலை பதினொரு மணிக்குக் கீழ்த்தாடையில் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. கழிவறைக் கண்ணாடியில் உதட்டை இழுத்துப் பார்த்தேன். நடுவில் இருக்கும் இடப்பல்லுக்குக் கீழே ஈறு ஒரு கொண்டைக்கடலை அளவுக்கு உருண்டு மினுமினுத்தது.

பூவம்மா அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "இன்னா கண்ணு இது, தாடையில பன்னு வெச்சிகினு கீற? கெளம்பு. லீவு நான் சொல்லிக்கிறேன்." சொல்வதற்கு அவர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. ஷேர் ஆட்டோவில் கூடவே வந்தார்.

டாக்டர் ரேகா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சீழை வடித்தார். எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இந்தப் பல்லை இனி காப்பாத்த முடியாதுன்னு நினைக்கிறேன். வீக்கம் வத்தட்டும், பெருநாள் கழிச்சு எடுத்துடலாம். அன்னிக்கே இடது பாதியையும் முடிச்சிடலாம்."

மாத்திரையை அங்கேயே விழுங்கச் சொன்னார். நோயாளிக்கு விலக்கு உண்டு, பிறகு ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போது பூவம்மா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன். எனக்குக் கொடுத்த மரியாதை அது.

அதே நாள், மாலை

அம்மா பார்த்துவிட்டாள். தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி உதட்டை இழுத்தாள். இடப்பக்க வீக்கத்தையும் பார்த்தாள், வலப்பக்கச் சந்துகளையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த வாய் அது.

"யாராண்ட போன?"

"டாக்டராண்டதாம்மா."

"எப்போ?"

"பிப்ரவரில. பாதி கிளீன் பண்ணாங்க."

"சொன்னனா இல்லியா? சொரண்டினா பேஜாரு ஆயிடும்னு படிச்சி படிச்சி சொன்னனா இல்லியா? இப்போ சீழ் வெச்சிகினு வந்து நிக்கிற. உனக்கும் அதே கதிதானா?"

"சொரண்டின பக்கம் வீங்கலம்மா. சொரண்டாத பக்கந்தான் வீங்கிக்கீது."

அம்மாவின் கை என் தாடையிலிருந்து இறங்கியது. உள்ளே போய்க் கஞ்சியைக் கிண்டினாள். நோன்பு திறக்க இன்னும் அரை மணி இருந்தது. கஞ்சி எப்போதோ வெந்திருந்தது. கிண்டிக்கொண்டே இருந்தாள்.

26 மார்ச், புதன்

ஏன் அப்படிச் சொன்னேன். வலி, பசி, எதை வேணா சொல்லிக்கலாம். சொன்னது பொய்யும் இல்லியே. ஆனா அவ முகம் போன போக்கு — வேணாம். இன்னிக்கு எழுத முடியல.

31 மார்ச், திங்கள்

பெருநாள். பிரியாணியை வலப்பக்கமாக மட்டும் மென்றேன். அம்மா என் தட்டில் எலும்பில்லாத துண்டுகளாகப் பார்த்து வைத்தாள். அவ்வளவுதான் பேச்சு.

5 ஏப்ரல், சனி

பல் போயிற்று. இரண்டே நிமிடம். பிறகு இடப்பாதி முழுவதும் சுத்தம் செய்தார்.

அந்த இரண்டு பல்லும் பக்கத்துப் பக்கத்தில் முளைத்தவை. ஒரே சோறு, ஒரே எச்சில், ஒரே சோம்பல். ஒன்றுக்குப் பிப்ரவரி எட்டில் கல் எடுத்தார்கள். அடுத்ததன் கல்லை நான் பாதுகாத்தேன். எட்டு வாரம்.

எழுந்திருக்கும் முன் டாக்டரிடம் கேட்டுவிட்டேன். "முப்பது வயசுல ஒருத்தங்க பாதி செஞ்சுட்டு, பல் ஆடுதுன்னு பயந்து நிறுத்திட்டாங்கன்னா?"

"உங்க அம்மாவா?"

தலையாட்டினேன்.

"ஆடினது உண்மைதான், அவங்க பொய் சொல்லலை. ஆனா முழுசா முடிச்சு, தொடர்ந்து பார்த்திருந்தா நிறைய பல் நின்னிருக்கலாம். பார்க்காம உறுதியா சொல்ல முடியாது."

7 ஏப்ரல், திங்கள்

இதை அம்மாவிடம் சொல்லலாமா?

இருபத்து நான்கு வருடமாக அம்மாவின் கதையில் குற்றவாளி ஒரு டாக்டர். பெயர்கூட அவளுக்கு நினைவில்லை. அந்த ஆள் கெடுத்தான் என்றால் அம்மா ஏமாந்தவள் மட்டுமே. நான் இதைச் சொன்னால் அந்த ஆள் போய்விடுவான். அவனிடத்தில் அம்மாவே வந்து நிற்பாள், இரண்டாம் முறை போகாத முப்பது வயதுக்காரியாக. அவளை அம்மாவால் திட்டவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது.

அந்தக் கதையும் கல் மாதிரிதான், அரித்துக்கொண்டே தாங்கியும் பிடிக்கிறது — என்று எழுதிப் பார்த்தேன். உவமை நன்றாக விழுந்துவிட்டது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. அம்மா உவமை இல்லை.

சொல்லப் போவதில்லை. வலப்பல் நின்றாலும் அதைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது.

26 ஏப்ரல், சனி

காலையும் இரவும் பிரஷ். சந்துகளுக்கு ஊசி போன்ற குட்டிப் பிரஷ் வேறு. ரத்தம் வந்தாலும் நிறுத்தாமல் அந்த இடத்தையே மெதுவாகத் தேய்க்க வேண்டுமாம். இத்தனை வருடம் செய்ததற்கு நேர்எதிர். முதல் வாரம் நுரை இளஞ்சிவப்பாக வந்தது. இப்போது நுரை வெள்ளையாகவே இருக்கிறது.

பூவம்மா அக்கா சோதனை செய்தார். "ஊது." ஊதினேன். கண்ணை மூடி நிதானமாக முகர்ந்துவிட்டு, "ம். இப்போ மன்சன் வாயி" என்றார்.

பல் போன இடத்தில் இன்னும் வெற்றிடம்தான். மூன்று மாதம் ஆறட்டும், பிறகு ஒட்டுப்பல் வைக்கலாம் என்கிறார் டாக்டர். விசித்திரம், முழுப் பல்லோடு இருந்தபோது வாயைப் பொத்தியவள் இப்போது ஓட்டைப் பல்லோடு பேசுகிறேன்.

23 மே, வெள்ளி

நாளைக்கு மறு அளவு எடுக்கிறார்கள். இடப்பாதி முடிந்து ஏழு வாரம். அம்மா தானும் வருகிறேன் என்கிறாள்.

"நீ எதுக்கும்மா?"

"அந்த டாக்டரம்மாவ நாலு வார்த்த கேக்கணும். வயசுப் பொண்ணு முன்பல்ல புடுங்கி அனுப்பிக்கிறாங்க, கேக்க ஆளில்லன்னு நெனச்சிகினாங்களா?"

தடுக்க என்னிடம் ஒரு காரணமும் இல்லை. இருக்கும் காரணத்தைச் சொல்ல முடியாது.

24 மே, சனி

அம்மா கறுப்பு புர்காவைப் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போகிறவளாகத்தான் மாடியேறினாள். டாக்டர் அவளுக்கு என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போடச் சொன்னார்.

எண்கள் ஆரம்பித்தன. "மூணு, ரெண்டு, மூணு. மூணு, மூணு, நாலு." அம்மா அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளிடம் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். நடுவில் இருக்கும் வலப்பல் அப்போது ஏழு, இப்போது மூன்று. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும்.

"ஆடுச்சே அது" என்றாள்.

"ஆடிச்சு. இப்போ நீங்களே பாருங்க."

அம்மா கை கழுவிக்கொண்டு வந்தாள். ஆள்காட்டி விரலை என் வாய்க்குள் விட்டு அந்தப் பல்லை முன்னும் பின்னும் தள்ளினாள். முதலில் மெதுவாக. பிறகு கொஞ்சம் அழுத்தி. பிறகு, நான் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு.

"ஆடல."

விரலை எடுத்து அடுத்த வெற்றிடத்தில் வைத்தாள். மறுபடி பல்லில் வைத்தாள்.

"இத மொத கிளீன் பண்ணீங்க. அத வுட்டுட்டா. அப்படித்தானே?"

"ஆமாம்மா."

"நானும் இவள மாரி பாதில எய்ந்து வந்தவதான். திரும்பிப் போயிருந்தா என் பல்லும் நின்னிருக்குமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பொய் சொல்லுங்கள் என்று வேண்டினேனா, சொல்லாதீர்கள் என்று வேண்டினேனா, இப்போதும் தெரியவில்லை.

"நிறைய நின்னிருக்கும்மா" என்றார் டாக்டர்.

அம்மா தலையாட்டினாள். நாலு வார்த்தை கேட்க வந்தவள் எனக்கு முன்னால் படியிறங்கினாள்.

ஷேர் ஆட்டோ டோல்கேட் தாண்டும்போதுதான் பேசினாள், என்னைப் பார்க்காமல்.

"உங்க அத்தா அன்னிக்கு சைக்கிள வெளிய எடுத்து வெச்சிகினு நின்னாரு, வா போலாம்னு. நாந்தான் உள்ள தாப்பா போட்டுகினேன்."

அவள் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

1 ஜூன், ஞாயிறு

அம்மா வேலைகளைச் செய்கிறாள், பேச்சு மட்டும் குறைவு. கோபம் இல்லை. இன்று பக்கத்து வீட்டுக்காரி கடைவாயைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அம்மா கிராம்பு கொடுத்தாள். போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கதவருகே நின்று அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

8 ஜூன், ஞாயிறு

நேற்று பக்ரீத். இன்று மிச்சக் கறி. அண்ணன் நல்லி எலும்பைக் கடித்து இழுத்து, தட்டில் வைத்தான். எலும்பின் முனையில் புது ரத்தம். கறியின் ரத்தம் இல்லை. அம்மா அதைப் பார்த்தாள்.

"வாயத் தொற."

"இன்னாமா?"

"தொறடா."

முப்பத்தொரு வயது ஆள் வாயைத் திறந்தான். அம்மா கீழுதட்டை இழுத்தாள். புகையிலை ஒதுக்கி ஒதுக்கி ஈறு கறுத்திருந்தது, கீழே இரண்டு பல்லுக்கு வேர் வெளியே தெரிந்தது.

"எவ்ளோ நாளா ரத்தம் வருது?"

"அது எப்பவும் வர்றதுதான். வுடும்மா, சாப்புடறப்போ கலீஜா பேசிகினு."

"வர்ற சனிக்கிழம வண்டி எடுக்காத. ஹஃப்சா, டாக்டரம்மாவுக்கு போன் போடு."

"யம்மா, நீதானம்மா போவக்கூடாதுன்னு சொல்வ? சொரண்டினா ஆடும்னு நீதானே—"

"ஆமா, சொன்னேன்" என்றாள் அம்மா. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

21 ஜூன், சனி

போன வாரம் அண்ணனுக்கு வலப்பாதி. ஒரு வாரமாக வீட்டில் அதே புலம்பல்: ஆடுது, கூசுது, காத்து பூர்து. இன்று இடப்பாதி. நாற்பதடி கன்டெய்னரைத் துறைமுக வாசலில் ஒரே திருப்பில் உள்ளே விடுகிறவன், கிளினிக் மாடிப்படியில் இரண்டு முறை நின்று செருப்பைச் சரிசெய்தான்.

"யம்மா, அடுத்த மாசம் பாத்துக்கலாமா? இன்னிக்கு ஒரு லோடு கீது."

"ஏறு" என்றாள் அம்மா.

அவன் உள்ளே போனதும் அம்மா காத்திருக்கும் இடத்தில் உட்காரவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் டாக்டர் அறைக் கதவுக்கு நேராகப் போட்டாள். அங்கே காற்று வராது, மின்விசிறிக்குக் கீழே வாங்கம்மா என்று நர்ஸ் கூப்பிட்டார்.

"பரவால்ல. நான் இங்கியே குந்திக்கிறேன்."

கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே அந்தச் சத்தம் தொடங்கி ஓயும்வரை ஒரு மணி நேரம் அம்மா அந்த வாசலை விட்டு எழுந்திருக்கவில்லை.